லிஃப்ட்காரரும் சுருள்முடியும்

அந்த வட்டாரத்தில் முப்பத்தெட்டு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றில் ஏறி இறங்கிய ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் முகம் தெரியும், குரல் தெரியாது. "என்னங்க ஆச்சு லிஃப்ட்டுக்கு?" என்று கேட்டால் "கதவு" என்பார். "எப்ப ஓடும்?" என்றால் "மத்தியானம்." அதற்கு மேல் அவரிடமிருந்து சொல் வாங்க வேண்டுமானால் அவர் காலில் கனமாக ஏதாவது விழ வேண்டும். கம்பெனியில் அவருக்கு 'ஒத்தைச்சொல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டதில்லை. பட்டிருந்தாலும் அது ஒரே சொல்லில்தான் வெளியே வந்திருக்கும்.

மனைவி நேர்மாறு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த நடைமேடையிலிருந்து எந்தப் பேருந்து எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மிச்சத்தைச் சொல்வார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. சண்டை வந்தால் கணவர் தரப்பு வாதத்தையும் அவரே எடுத்து வைத்து, சில நாள் மனசு இளகி, கணவரையே ஜெயிக்கவும் விடுவார்.

இந்த இருவருக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷத்தில் மனைவியின் தலைமுடியை அவிழ்ந்த நிலையில் அவர் பார்த்ததே இல்லை. காலையில் அவர் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மனைவி எழுந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, உள்ளங்கை நிறைய எண்ணெயும் பல் நெருக்கமான சீப்புமாகப் போருக்கு நிற்பார். வெளியே வரும்போது முதுகில் விறகுக்கட்டை போல ஒற்றைப் பின்னல் தொங்கும். அதைச் சுற்றிப் பன்னிரண்டு கொண்டை ஊசிகள். வருஷத்துக்கு ஏழெட்டு சீப்பு பல் உடையும். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பெண் அந்த முடியைத் தொட்டுப் பார்த்து, "பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அதை யார் கண்ணிலும் காட்டுவதில்லை என்று முடிவு. கணவர் கண்ணும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

கணவருக்கோ தலைமுடி என்றாலே வேறு கிரகத்து விவகாரம். முப்பத்தைந்து வயதிலேயே அவருடைய கடைசி முடியும் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் கூண்டுக்குள் மனைவி அலமாரிக்கு மேலே இருந்த ஃபைலை எடுக்கச் சக்கரம் வைத்த நாற்காலிமேல் ஏறினார். மைக் ஓடிக்கொண்டிருந்தது. "நான்காம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ள" என்று ஆரம்பித்தார். நாற்காலியும் அப்போதுதான் புறப்பட்டது. "ஐயய்யோ, செத்தேன்!" என்பது ஒலிபெருக்கியில் நிலையம் முழுக்கக் கேட்டது. நான்காம் நடைமேடைப் பேருந்திலிருந்து பயணிகள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்கள். அவர்களைத் திரும்ப ஏற்ற அரை மணி நேரம் ஆயிற்றாம்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, ஆறு வாரம்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து சத்தமே வரவில்லை. கணவர் கதவைத் தட்டினார். மனைவி வெளியே வந்தார். பாதி அவிழ்ந்த பின்னல் ஒரு பக்கம், இடது கையால் வாரப் போய்ச் சிக்கிக்கொண்ட சீப்பு தலையிலேயே நிற்கிறது, கண்ணில் தண்ணீர்.

அதே கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் குடியிருந்த மனைவியின் அக்காவுக்கு விஷயம் போயிற்று. அக்கா பெண்கள் விடுதியில் வார்டன். இருநூறு பெண்களை ஒரு பார்வையில் தூங்க வைக்கிறவர். தன் தலையையும் அப்படியே அடக்கி, இறுக்கிச் சுற்றிய கொண்டைக்குள் பூட்டி வைத்திருப்பார். வந்து நின்று தங்கையின் தலையைப் பார்த்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கழுத்தோட வெட்டிடலாம். கத்திரி எங்க?"

மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். வெறுக்கிற முடிதான், ஆனாலும் அக்கா வெட்டுவதா?

"வேணாம்," என்றார் கணவர். பிறகு சற்று யோசித்து, "நான்" என்றார்.

ஒரே காலையில் இரண்டு சொல். அக்கா திரும்பி மேலே போய்விட்டார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாரே தவிர, எப்படி என்று அவருக்குத் தெரியாது. சீப்பை உச்சந்தலையில் வைத்து நேராகக் கீழே இழுத்தார். மனைவி போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர், கீழ்வீட்டு அம்மா, காவலாளி என்று மூன்று பேர் ஓடிவந்து கதவை இடித்தார்கள்.

"என்னய்யா பண்றே அந்தம்மாவ? கை உடைஞ்ச பொம்பளைன்னு கூடப் பாக்காம!" என்று கீழ்வீட்டு அம்மா கத்தினார்.

அவர் கையிலிருந்த சீப்பைத் தூக்கிக் காட்டினார். அதில் பாதிப் பல் இல்லை. "சீப்பு," என்றார்.

"எவ்வளவு அமைதியான மனுஷன்னு நெனச்சேன்," என்று எதிர்வீட்டுக்காரர் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். சீப்புக் கதையை அவர் முழுசாக நம்பவில்லை என்பது அந்த வாரம் முழுக்க அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் சீப்பில் மாட்டியிருந்த ஒரு முடியை எடுத்துக்கொண்டு கணவர் பால்கனிக்குப் போனார். லிஃப்ட்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எண்ணுவதற்காக ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அதில் முடியைப் பார்த்தார். இழுத்துப் பிடித்தால் நேராகிறது, விட்டால் சுருண்டுகொள்கிறது. தண்ணீரில் நனைத்தார். நனைந்தபோது நீண்டு, காயக் காய மறுபடி சுருண்டது. அரை மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தார்.

உள்ளே வந்து மனைவி எதிரில் உட்கார்ந்தார். "இது கெட்டுப்போன முடி இல்ல," என்றார். "இது இப்படித்தான். நாமதான் தப்பா இழுத்திருக்கோம்."

மனைவிக்கு அவர் சொன்னதைவிட, அவர் மூன்று வாக்கியம் தொடர்ந்து பேசியதுதான் கவலையாக இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த நாள் அவர் அழகுப்பொருள் கடைக்குப் போனார். வேலைச் சட்டை, கிரீஸ் கறை, வழுக்கைத் தலை. தலைமுடிக் கிரீம் அடுக்கின் முன் பத்து நிமிடம் நின்றார். கடைப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"யாருக்கு சார்?"

"முடிக்கு."

அந்தப் பெண் அவர் தலையை ஒருமுறை பார்த்தாள். தன்மையான பெண். "சார், இதெல்லாம் இருக்கிற முடிக்கு. வளர்றதுக்கு அந்தப் பக்கம்," என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, அந்த ஒற்றை முடியைக் காட்டினார். "மனைவி," என்றார்.

அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மலர்ந்தது. தன் சீருடைத் தொப்பியைக் கழற்றினாள். உள்ளேயிருந்து சுருள் சுருளாகக் கொட்டியது. "நம்ம கட்சி சார்! காஞ்ச முடியில சீப்பே வைக்கக் கூடாது. ஈரமா இருக்கும்போது கிரீம் போட்டு, விரலால, நுனியிலேர்ந்து மேல வரணும். துண்டால பரபரன்னு தேய்க்கக் கூடாது. பழைய பனியன் இருக்கா? அதால அமுக்கி எடுங்க. அப்புறம் காயற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அவங்களும்தான்."

அவர் அதே காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியைக் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். மாவுக்கட்டுக்கு மேல் பாலித்தீன் உறை. மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டார், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி. பின்னலை அவர் அவிழ்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறை.

"பாக்காதீங்க," என்றார் மனைவி.

"பாக்காம எப்படி?"

"சரி, பாருங்க. ஆனா ஒண்ணும் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்று மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீர். கிரீம். பிறகு நுனியிலிருந்து, ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக, சிக்கு எடுத்தார். அவசரப்படவில்லை. இரண்டு தளங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு சிக்கிய கதவை நெம்புகிறவருக்குப் பொறுமை புதிதா? ஒன்றேகால் மணி நேரம். மனைவி ஒருமுறைகூட "ஆ" என்று சொல்லவில்லை. நடுவில் குறட்டை மட்டும் கேட்டது. கடைசியில் பழைய பனியனால் பிடி பிடியாக அமுக்கித் தண்ணீரை எடுத்து, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, தொடக் கூடாது என்பதற்காக இடது கையில் செய்தித்தாளைக் கொடுத்தார்.

மத்தியானம் மனைவி கண்ணாடி முன் போய் நின்றார். தோள் வரைக்கும் கருகருவென்று வளையம் வளையமாக இறங்கியிருந்தது. ஒன்றைச் சுண்டினால் கீழே போய்த் திரும்ப மேலே வந்தது. இன்னொன்றையும் சுண்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கங்க இருந்துச்சு இத்தனை நாளா?" என்றார்.

"பின்னலுக்குள்ள," என்றார் கணவர். அவர் பேச்சு நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் கிரீம் டப்பாவை மூடுவதாக நினைத்துக்கொண்டு அதன் மூடியை டீக் கோப்பைக்கு மூடிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் ஒரு கையோடு வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். பேருந்து நிலைய ஊழியர் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"பயணிகளுக்கு அந்த வாசல்மா."

"நான்தான்ப்பா."

அடையாள அட்டையில் இருந்த இறுகிய பின்னலையும் எதிரில் நின்ற சுருள் மேகத்தையும் காவலாளி மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க அக்காவா?"

மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு அலுவல் குரலில் சொன்னார்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஊழியர் வாசலில் வழிமறித்து நிற்கும் காவலாளி உடனடியாக வழிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

காவலாளி சல்யூட் வைத்தே உள்ளே அனுப்பினார்.

கூண்டுக்குள் வேறு சிக்கல். ஹெட்போன் தலையில் உட்கார மாட்டேன் என்றது. வைத்தால் மெல்ல மேலே எழும்பிப் பின்னால் விழுந்தது. நிலைய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "முடியை ஏதாச்சும் பண்ண முடியுமாம்மா?" என்றார். "முடியாது சார், ஹெட்போனைத்தான் ஏதாச்சும் பண்ணணும்," என்றார் மனைவி. இதுவும் புதுசு. அன்று ராத்திரி கணவர் லிஃப்ட் கதவின் ரப்பர்ப் பட்டையை வைத்து, தலைக்கு மேலே போகாமல் பிடரி வழியாகப் போகிற மாதிரி ஹெட்போனை மாற்றிக் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் எதிர்க்கட்சி ஒன்று வேண்டுமே. அக்கா இருந்தார். "இந்த வயசுல இது என்ன கோலம்? தலையில கூடு கட்டினாப்புல!" என்று மாடிப்படியில் நாலு பேர் கேட்கச் சொன்னார். சொல்லி ஐந்தாவது நாள், மத்தியான வேளையில், படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு, கொண்டையை அவிழ்த்தார். அதே முடி. இன்னும் அடர்த்தி.

"தம்பி, யாருக்கும் சொல்லக் கூடாது. எனக்கும் ஒரு தடவ பாத்து விடு," என்றார்.

இதற்குள் லிஃப்ட்காரர் வெகுதூரம் போயிருந்தார். ஆளிவிதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, வழவழவென்று வரும் கூழைத் துணியில் வடிகட்டித் தடவினால் சுருள் கலையாமல் நிற்கும் என்று கடைப் பெண்ணிடம் கேட்டு வந்து, வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்திருந்தார். அக்காவுக்கும் ஒரு பாட்டில் நிறையக் கொடுத்து, குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னார். பாட்டிலில் பெயர் எழுத மறந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் கணவர் படியில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சகலை, எங்க ஃபிரிட்ஜ்ல ஒரு கஷாயம் இருந்துச்சே, நீங்க குடுத்ததாமே? ருசி ஒண்ணும் இல்ல, வழவழன்னு இருந்துச்சு. ஆனா பத்து வருஷமா இருந்த மலச்சிக்கல் ரெண்டே டம்ளர்ல போச்சு. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

ரகசியத்தைக் காப்பாற்றுவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் அவர் "கிடைக்கும்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு பாட்டில் மேலே போயிற்று, ஒன்று தலைக்கு, ஒன்று வயிற்றுக்கு.

அடுத்து நடந்தது அவர் வேலையிடத்தில். லிஃப்ட்டுகளுக்குள் கண்ணாடி இருக்கும். ஏறுகிற பெண்கள் அதைப் பார்த்து அவசரமாகத் தலை வாருவார்கள். முன்பெல்லாம் அவர் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது காய்ந்த சுருள்முடியில் யாராவது சீப்பு வைத்தால் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "சீப்பைக் கீழ வைங்கம்மா!" என்றுவிட்டார். அந்தப் பெண்மணி பயந்து சீப்பைக் கீழே போட்டார். பிறகு ஏன் என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்தது.

மூன்றாவது நாள் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் வந்தது. ஒன்பதாவது மாடிக்காரர் எழுதியிருந்தார்: "நேற்று லிஃப்ட் ஆறாவது மாடியில் இருபத்தைந்து நிமிடம் நின்றது. பழுது எதுவும் இல்லை. உங்கள் ஆள் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு, பனியனால் தலை துவட்டுவது எப்படி என்று ஒரு பெண்மணிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் படியில் இறங்கினேன். எனக்கு முட்டி வலி."

மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒத்தைச்சொல் என்ன எழுதிவிடப் போகிறார், 'மன்னிக்கவும்' என்று ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தார். மறுநாள் மேஜையில் நாலு பக்கம் இருந்தது. இரண்டு படம் வேறு: படம் ஒன்று, நனைந்த முடி, படம் இரண்டு, காய்ந்த முடி.

மேலாளர் முழுசும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுல லிஃப்ட்டப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, ஐயா."

"லிஃப்ட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே சார்," என்றார் அவர்.

ஒரு எச்சரிக்கைக் கடிதமும், கிடங்குகளில் இருக்கும் சரக்கு லிஃப்ட்டுகளுக்கு மாற்றலும் கிடைத்தன. சரக்கு லிஃப்ட்டில் கண்ணாடி கிடையாது. ஏறுகிற மூட்டைகளுக்குத் தலைமுடியும் கிடையாது.

ஆறு வாரம் முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அந்த ஞாயிறு காலை, வழக்கம்போல அவர் கிரீமும் பனியனுமாகக் குளியலறை வாசலில் நின்றார். மனைவி அவர் கையிலிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு, "நானே பாத்துக்கறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவர் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்.

அடுத்த சனிக்கிழமை மனைவி வேலையிலிருந்து வரும்போது முடி காதுக்குக் கீழே நின்றது. பக்கத்துத் தெரு முடிவெட்டும் கடை. யாரையும் கேட்கவில்லை. நீளத்தின் கனம் போனதும் சுருள்கள் துள்ளி மேலே ஏறி, தலையைச் சுற்றி உருண்டையாக நின்றன.

அவர் பார்த்தார். சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். ஞாயிறு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மனைவி டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன கோபம், சொல்லுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"ஒரு வார்த்தையைப் பத்தி நீங்க பேசறீங்களா!" மனைவி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இத்தனை வருஷம் அசிங்கம்னு நானே ஒளிச்சு வெச்சிருந்தேன். அப்புறம் ஆறு வாரம் உங்க கையில இருந்துச்சு. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க, இல்லேங்கல. ஆனா ஒரு தடவையாவது நானே ஆசைப்பட்டு ஏதாச்சும் பண்ணிப் பாக்கணும்னு இருந்துச்சு. உங்கள கேட்டா படம் போட்டு நாலு பக்கம் எழுதுவீங்க."

அவர் டீயைக் குடித்தார். எழுந்து வந்து மனைவியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றார். பிறகு, "இடது பக்கம் பின்னாடி அரை இஞ்ச் தூக்கல். ஈரத்துல வெட்டியிருக்காங்க. சுருள்முடிய காஞ்ச பிறகு வெட்டணும், அப்பத்தான் எங்க போய் நிக்கும்னு தெரியும். நாளைக்குப் போய் நான் சொல்றேன்."

"நீங்க வர வேணாம்."

"வாசல் வரைக்கும்."

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்காவும் தங்கையும் சேர்ந்து அந்தக் கடைக்குப் போகிறார்கள். அக்கா இன்னும் விடுதிப் பெண்களிடம் தன் சுருளைத் 'தைராய்டு மாத்திரையால் வந்த மாற்றம்' என்றுதான் சொல்லி வருகிறார். கூடவே லிஃப்ட்காரரும் போகிறார். வெளி பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்பது கடைக்காரம்மா போட்ட நிபந்தனை. உட்காருகிறார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி, இரண்டு விரலால் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று காட்டுவதை மட்டும் அவரால் விட முடியவில்லை. போன முறை கடைக்காரம்மா கதவுக்குத் திரை வாங்கி மாட்டிவிட்டார்.